ஸ்ரீகோசமும் புராண ச்ரவணமும்

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் க்ரந்தத்தை 'ஸ்ரீகோசம்' என்று வழங்குவது பெரியோர் வழக்கம். கோசமாவது பொக்கிஷம். பொக்கிஷத்தைக் காக்கவும் வேண்டும், அநுபவிக்கவும் வேண்டும். இவ்விரண்டும் காவிரி பாயும் சோழநாட்டில் எவ்வாறு நடந்துவந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

குடந்தை ஆராவமுதன் விஷயமான பத்துப் பாசுரங்களை யாத்ரிகர்கள் ஸேவிக்கக் கேட்டார் ஸ்ரீமந் நாதமுனிகள். எஞ்சியவை எங்கே என்று வினவ, அவர்கள் அறியோம் என்றனர். பிறகு அவர் திருக்குருகூர் சென்று ஆழ்வாரின் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை. ஓதுவார் குறைந்தால் திவ்ய ஸூக்தியும் மறையக்கூடும் என்பதே இதனால் அறியவேண்டுவது.

பனையோலை நிலையானதன்று. செல்லும் ஈரமும் அதனை அழிக்கும். ஆகவே தலைமுறைதோறும் புதிய ஏட்டில் படியெடுத்தனர். படிப்பாரற்ற பழஞ்சுவடிகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டதும் உண்டு. படியெடுக்காமல் விட்டவை மீளவில்லை.

தஞ்சை அரண்மனையில் நாயக்க மன்னர் காலத்தில் தோன்றிய சுவடிச்சாலையே இன்றைய ஸரஸ்வதி மஹால். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் அதனைப் பெரிதும் வளர்த்தார். காசி யாத்திரையிலும் சுவடிகளைச் சேகரித்தார். பர்னெல் என்னும் ஆங்கிலேய அதிகாரி தொகுத்த ஸம்ஸ்க்ருதச் சுவடிகளின் அட்டவணை 1880-ல் அச்சேறியது. 1918-ல் அச்சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அரசர்க்கு உரியதாயிருந்தது அனைவர்க்கும் உரியதாயிற்று. பின்னர் அச்சுப் பதிப்பும், நுண்படமும், இக்காலத்தில் கணினிப் படமும் வந்தன.

ஆயினும் ஒரு குறை நேர்ந்துளது. முன்னாளில் புராணம் ஜனங்களைத் தேடி வந்தது. அறுவடை முடிந்தபின் கோயில் மண்டபத்தில் ஒருவர் சுலோகத்தை வாசிக்க, மற்றொருவர் பொருள் உரைப்பார். எழுத்தறியாத உழவரும் ப்ரஹ்லாத சரித்ரத்தை அறிந்திருந்தனர். கபிஸ்தலத்தில் கஜேந்த்ர வரதனை ஸேவிப்பவர்க்குப் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தம் கண்முன் நின்றது. இன்றோ புராணத்தை நாடி மனிதன் தனியே செல்லவேண்டும். ஸம்ஸ்க்ருதச் சுவடிகள் பல க்ரந்த லிபியில் உள்ளன. அதனைத் தடையின்றி வாசிப்போர் சிலரே. ஓலை பிழைத்தும் ஓதுவாரில்லையேல், பொக்கிஷம் இருந்தும் சாவி இல்லாததாகும்.

விதைநெல்லைக் கோட்டை கட்டிக் காப்பது மறுபோகத்தில் விதைப்பதற்கே. நூலகம் விதைநெல்லைக் காக்கிறது. விதைக்கவேண்டிய வயல் நம் இல்லமே. உத்ஸவம் ஸேவித்து ஊர் திரும்பும் அன்பர்கள், பன்னிரண்டு ஸ்கந்தங்கள் கொண்ட ஸ்ரீமத் பாகவதத்தில் நாள்தோறும் ஓர் அத்யாயமேனும் உரக்க வாசித்து, இல்லத்துச் சிறுவர்கள் கேட்கச் செய்வார்களாக. லிபி கற்க இயன்றவர் ஒருவரேனும் ஒவ்வோர் ஊரிலும் கற்பாராக. அதுவே ஸ்ரீகோசத்திற்குச் செய்யும் மெய்யான கைங்கர்யம்.

சுபம்.