விற்றபின் அச்சிடும் வணிகம்

பொருளை ஆக்கி வைத்து, வாங்குவோர் வரும்வரை காத்திருந்து விற்பதே துணி வணிகத்தின் வழக்கமான முறை. அம்முறை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரு துறையில் தலைகீழாகி வருகிறது. வேண்டுவோர் வேண்டிய படத்தையோ சொல்லையோ டி-சர்ட்டின்மீது அச்சிட்டு இணையவழி விற்கும் துறையே அது. இங்கே பணம் முதலில் வருகிறது. துணி பின்னரே அச்சேறுகிறது. 'தையற்காரர் அன்றுதொட்டு இதைத்தானே செய்கிறார்?' என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அளவு கொடுக்க நாம் அவரது கடைக்குப் போகவேண்டும். அவருக்கு ஊர் ஒன்று. இவ்வணிகத்திற்கோ ஊரே இல்லை. சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் வழியிலுள்ள எங்கள் குடிபாலாவில் ஒருவர் வரைந்த படம், திருப்பூரில் பனியன்மேல் அச்சாகி, கௌகாத்தியில் ஒருவர் மார்பில் விளங்கலாம். இத்தொழிலில் இறங்கும் எண்ணமுடைய மாணவர் சிலரை நான் அறிவேன். ஆகலின் இவ்வணிகம் வளர்ந்த வரலாற்றோடு, அதன் கணக்கையும் விடாமல் கூற முற்படுகிறேன்.

முதலில் கருவியைப் பார்ப்போம். நம் ஊர்களில் நெடுங்காலம் வழங்கி வருவது ஸ்கிரீன் பிரிண்டிங். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியின் வழியே மையை அழுத்தித் துணியில் இறக்கும் முறை இது. வண்ணத்திற்கு ஒரு சட்டம் வேண்டும். நான்கு வண்ணமாயின் நான்கு சட்டங்கள். சட்டம் ஆக்க 2,000 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், 200 சட்டை அச்சிடுவோர்க்கு ஒன்றின்மேல் 10 ரூபாய்தான் ஏறும். ஒரே சட்டை வேண்டுவோர்க்கு முழு 2,000 ரூபாயும் ஏறும். 'குறைந்தது ஐம்பதாவது வேண்டும், தம்பி' என்று அச்சகத்தார் சொல்வதன் காரணம் இதுவே. 2000ஆம் ஆண்டை அடுத்து, மையைத் துளித்துளியாகத் துணியின்மேலேயே தெளிக்கும் இயந்திரங்கள் சந்தைக்கு வந்தன. காகிதத்தில் அச்சிடும் இங்க்ஜெட் இயந்திரத்தின் உடன்பிறப்பே இது, டி.டி.ஜி. என்பர். இதற்குச் சட்டம் வேண்டா. கறுப்புத் துணியாயின் முதலில் ஒரு நீர்மம் தடவி, வெள்ளை மையை அடித்தளமாக இட்டு, அதன்மேல் வண்ணம் தெளித்து, சூட்டால் நிலைக்கச் செய்கின்றனர். முதற் சட்டைக்கும் நூறாவது சட்டைக்கும் அச்சுச்செலவு ஏறக்குறைய ஒன்றே. 'குறைந்தது ஐம்பது' என்பது 'ஒன்று போதும்' என்று ஆனதே இவ்வணிகம் வளர்ந்ததற்கு முதற்காரணம் என்பது என் துணிபு. இணையம் வாங்குவோரைச் சேர்த்தது. ஒன்றை மட்டும் அச்சிடும் வசதியைத் தந்தது இயந்திரமே.

இனி ஆட்களைக் காண்போம். அமெரிக்காவில் 1999இல் கஃபேபிரஸ் தோன்றியது. செருமனியின் லைப்சிக் நகரில் 2002இல் ஸ்பிரெட்ஷர்ட் தோன்றிற்று. அதைத் தொடங்கியவர் அங்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர். நமக்கு மிகவும் அணுக்கமான கதை டீஸ்பிரிங்கினுடையது. 2011இல் பிரௌன் பல்கலைக்கழக மாணவர் கூடும் மதுக்கடை ஒன்று மூடப்பட்டது. வாக்கர் வில்லியம்சும் அவர்தம் நண்பரும் அதன் நினைவாக டி-சர்ட் விற்க எண்ணினர். கையில் முதல் இல்லை. எனவே ஓர் இணையப் பக்கம் அமைத்து, குறித்த எண்ணிக்கையினர் முன்பணம் தந்தால்தான் அச்சிடுவோம் என்று அறிவித்தனர். பணம் வந்தது, அச்சிட்டனர். அந்தப் பக்கமே பின்பு நிறுவனமாயிற்று. 2014ஆம் ஆண்டில் மட்டும் முதலீட்டாளரிடம் 5 கோடி டாலருக்கு மேல் அது பெற்றது. பின்னர் என்ன ஆயிற்று? வளர்ச்சி தளர்ந்து, ஆட்குறைப்புச் செய்து, 2021இல் பெயரையும் மாற்றிக்கொண்டு, இறுதியில் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஏறியது ஏன், இறங்கியது ஏன் என்பதற்குக் கணக்கே விடை கூறும்.

கீழ்வரும் தொகைகள் விளக்கத்திற்காக நான் கொண்டவை. சந்தை விலைகள் அல்ல. விற்பனை விலை 350 ரூபாய். 100 டி-சர்ட்டை முன்கூட்டியே அச்சிட்டு அடுக்கினால் ஒன்று 200 ரூபாய், மொத்தம் 20,000. கேட்கும்போது ஒவ்வொன்றாக அச்சிடுவித்தால் ஒன்று 280 ரூபாய். நூறும் விற்றுப்போனால் அடுக்கி வைத்தவருக்கு 15,000 ரூபாய் ஆதாயம், மற்றவருக்கு 7,000தான். ஆனால் 50 மட்டுமே விற்றால், அடுக்கியவர் 2,500 ரூபாய் இழப்பார். மற்றவர் 3,500 ரூபாய் பெறுவார். 71 சட்டை விற்கும்வரை பின்னவர் கையே மேல். 72லிருந்து முன்னவர் கை மேலாகும். துணிக்கடை வைத்தோரைக் கேளுங்கள். எல்லா அளவும் எல்லா வண்ணமும் ஒருசேர விற்றுத் தீர்வது அரிது. நடு அளவு தீர்ந்துபோகும். மிகப் பெரியதும் மிகச் சிறியதும் தூசு படிந்து கிடக்கும். தூசு படியும் சரக்கை ஒழித்தது இம்முறை. ஆதலின் முதலற்ற மாணவனும் வணிகனாக முடிந்தது.

ஆனால் முதல் வேண்டா என்றால் எனக்கு மட்டுமா வேண்டா? எல்லோர்க்கும் வேண்டா. அங்கேதான் இடர் தொடங்குகிறது. இன்று நன்றாக விற்கும் படத்தை நாளையே நால்வர் சிறிது மாற்றி விற்பர். அவர்களும் அதே இயந்திரத்தில், அதே பனியனில், அதே விலைக்கு அச்சிடுவிப்பர். அப்போது வாங்குவோர் கண்ணில் முதலில் படுபவரே விற்பர். கண்ணில் படுவதற்கு விளம்பரப் பணம் வேண்டும். ஒரு சட்டை விற்க 60 ரூபாய் விளம்பரத்திற்குப் போனால், மேற்சொன்ன 70 ரூபாய் ஆதாயத்தில் எஞ்சுவது 10. 'பொருள் வந்தபின் பணம்' என்னும் முறையில் கேட்டவர், தபால் வாயிலுக்கு வந்ததும் வேண்டா என்று திருப்பினாலோ, போக்கும் வரவும் நம் தலைமேல். 'இனிய பிறந்தநாள், சுரேஷ்' என்று அச்சிட்ட சட்டையை யாரிடம் விற்பது? இன்னொரு சுரேஷைத் தேடவேண்டியதுதான்!

பிறர் கேட்டதைப் பிறர் வரைந்தபடி அச்சிட்டு அனுப்பும் வணிகம் நம் கரைக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையில் மசூலிப்பட்டினமும் பழவேற்காடும் வண்ணச்சீலைக்குப் பெயர் பெற்றவை. பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, கிழக்குத் தீவுகளில் துணி கொடுத்து நறுமணப் பொருள் வாங்கினர். தீவுக்குத் தீவு சுவை வேறு. அதற்கேற்பவே சீலை தீட்டச் செய்தனர். சிவப்புத் தரை இங்கு விலைபோகவில்லை, வெள்ளைத் தரையில் பூ வேண்டும் என்ற கருத்துப்பட இலண்டனிலிருந்து ஆங்கிலக் கம்பெனியார் 1643இல் சூரத்துக்கு எழுதினர். பின்னர் மாதிரிப் படங்களையே கப்பலில் அனுப்பினர். இன்று நொடியில் வரும் படம் அன்று பல மாதம் கடல் கடந்து வந்தது, அவ்வளவே வேறுபாடு. ஐரோப்பாவில் இத்துணிகள் பரவிய வேகங் கண்டு பிரான்சு 1686இலும், இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுகளிலும் தடைச்சட்டம் இயற்றின.

தடையைவிடப் பெரிய கேடு வேறு வழியில் வந்தது. புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கோர்து, சாயமிடும் முறையைப் படிப்படியாக விவரித்து 1742இல் மடல் எழுதினார். (வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை எடுத்துக் காட்டியவரும் இவரே, மொழியியல் பயில்வோர் அறிவர்.) 1760இல் பிரான்சின் ஜூயி நகரில் அச்சுத்துணித் தொழிற்சாலை எழுந்தது, 1783இல் உருளை அச்சுக்கு ஸ்காட்லாந்தினரான தாமஸ் பெல் காப்புரிமை பெற்றார். படம் முன்னமே அவர்களுடையது. முறையும் அவர்களுடையதானபின் நம் ஓவியனிடம் கேட்டுப் பெற என்ன இருந்தது?

ஆனால் சுவர்ணமுகி ஆற்றங்கரையில், சீகாளத்தியில், நிலை சற்று வேறு. அங்குத் தீட்டியவை பெரிதும் கோயில் திரைகளும் புராணக் கதைச் சீலைகளும். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த கறுப்புநீரால், மூங்கில் எழுதுகோல் கொண்டு கோடு இழுப்பர். கதை அவர்களுடையது, கையும் அவர்களுடையது. அக்கலையும் நலிந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் கமலாதேவி சட்டோபாத்யாயரின் முயற்சியால் 1957இல் அங்குப் பயிற்சி நிலையம் ஏற்பட்டபோது, கற்பிக்க ஆள் இருந்தனர். அம்மரபில் வந்த குரப்ப செட்டியார் 2008இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று இயந்திரத்தில் அச்சிட்ட துணியும் கலம்காரி என்ற பெயரில் இணையத்தில் மலிவாக விற்கிறது. ஆயினும் கையால் எழுதிய சீலையைத் தேடி வருவோர் வந்துகொண்டுதான் இருக்கின்றனர்.

ஆதலின் சட்டை விற்க நினைக்கும் நண்பரிடம் நான் கேட்பது இதுவே: அச்சிடுவதும் அனுப்புவதும் இருக்கட்டும், உம் படத்தில் பிறர் எடுத்துக்கொள்ள முடியாதது எது? திரைப்பட நாயகர் முகமாயின், அதற்கு உரிமையாளர் வேறு உளர். வழக்கு வரினும் வரலாம். எங்கள் சித்தூர்ப் பக்கத்துத் தமிழில் தெலுங்கு கலந்து பிறக்கும் சொற்கள் பல உண்டு. இரு மொழியும் அறிந்தவனுக்கே சிரிப்பு வரும். அத்தகைய சொல்லைச் சட்டையில் ஏற்றினால் வாங்குவோர் சிலரே. ஆனால் ஒன்றொன்றாக அச்சிடும் முறை அச்சிலருக்காகவே பிறந்தது போலும்!

அச்சிலர் பெரும்பாலும் எல்லையின் இருபுறமும் இருப்பர் என்பதால் இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும். மாநில எல்லை கடந்து பொருள் விற்பவர், விற்பனை எவ்வளவு சிறிதாயினும், சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். குறிப்பிட்ட கைவினைப் பொருள்களுக்கு ஓரளவுவரை விலக்கு உண்டு. இயந்திர அச்சுக்கு அவ்விலக்கு இல்லை. குடிபாலாவிலிருந்து வேலூர் கூப்பிடு தொலைவுதான் என்று நாம் எண்ணுவோம். வரிச்சட்டத்திற்கு அது வேறு மாநிலம். முதற் சட்டையை அங்கு அனுப்புமுன் பதிவை முடித்துக்கொள்க.