தருபவரை வரவு வை

கணக்குப்பதிவியல் வகுப்பில் நாங்கள் முதலில் மனனம் செய்யும் விதிகளுள் ஒன்று, “பெறுபவரைப் பற்று வை; தருபவரை வரவு வை” என்பது. தேர்வுக்குப் படிக்கும்போது இது வெறும் சூத்திரமாகவே தோன்றும். சற்றே சிந்தித்தால் இதனுள் ஓர் அறநெறி அடங்கியிருப்பது புலப்படும். ஒருவர் நம்மிடம் பணம் தந்தால் அவர் பெயரை வரவுப் பக்கத்தில் எழுதுகிறோம். “இப்பணம் நம்முடையதன்று, இவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்” என்பதே அதன் பொருள். இந்த இரட்டைப் பதிவு முறையை 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சு நூலாக விளக்கியவர் லூக்கா பச்சோலி என்னும் பிரான்சிஸ்கன் துறவி ஆவார். சீட்டு, வங்கி, காப்பீடு ஆகிய மூன்று இடங்களில் இவ்விதி எவ்வாறு நிற்கிறது என்பதைக் காண்போம்.

முதலாவது, சீட்டு. நம் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் அறுத்தால் பணம். திராட்சை வெட்டினால் பணம். ஏலக்காய் எடுக்க மலைக்குப் போனால் கூலி. மொத்தமாகக் கையில் தங்குவது அரிது. ஆகவே நம் தாய்மார் பலர் சீட்டுக் கட்டுகின்றனர். மாதம் 1,000 ரூபாய் வீதம் 20 பேர் கட்டினால் 20,000 ரூபாய் சேரும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒருவர் 4,000 ரூபாய் தள்ளி ஏலம் எடுத்தால் அவருக்கு 16,000 ரூபாய் கிடைக்கும். நடத்துபவரின் கமிஷன் 1,000 ரூபாய் போக, எஞ்சிய 3,000 ரூபாய் ஆளுக்கு 150 ரூபாயாகக் கழியும். இதில் நடத்துபவருக்குச் சொந்தமானது அந்த 1,000 ரூபாய் மட்டுமே. மற்ற 19,000 ரூபாயும் பிறர் பணம். அதைத் தம் வீட்டுச் செலவுக்கோ வியாபாரத்துக்கோ எடுத்தால் அன்றே தவறு தொடங்கிவிடுகிறது.

1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிகள் சட்டம் இதனாலேயே சீட்டைப் பதிவு செய்யச் சொல்கிறது. சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் கேட்கிறது. ஒவ்வோர் ஏலத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதி ஒப்பமிடச் சொல்கிறது. கமிஷனுக்கும் வரம்பு உண்டு. முன்பு 5 விழுக்காடாக இருந்த அது, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 7 விழுக்காடாயிற்று.

இரண்டாவது, வங்கி. குமுளி மலை ஏறினால் கேரளம். அங்கே கோட்டயம் மாவட்டத்தில் பாலாய் என்னும் ஊரில் பிறந்து, அம்மாநிலத்தின் பெரிய வங்கியாக வளர்ந்தது பாலாய் சென்ட்ரல் வங்கி. மக்கள் அதை நம்பிப் பணம் போட்டனர். வங்கியோ அப்பணத்தைக் கடனாகக் கொடுத்தது. கடன் திரும்பி வந்தால்தான் போட்டவருக்குத் திருப்பித் தர இயலும். வராத கடனையும் சொத்து என்று எழுதி வைத்தால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற கதைதான். ரிசர்வ் வங்கியின் விண்ணப்பத்தின் பேரில் 1960 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் அவ்வங்கியை மூட ஆணையிட்டது. போட்டவர்கள் கதவின் வெளியே நின்றனர்.

அந்தத் துயரத்திலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. 1962 ஜனவரி முதல் நாள் இந்தியாவில் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை பாதுகாப்பு. 2020 பிப்ரவரி முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. தெருவில் நடக்கும் சீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்வது நலம்.

மூன்றாவது, காப்பீடு. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956 செப்டம்பரில் தோன்றியது. மறு ஆண்டே, ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகருடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை, சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு, தன் முதலீட்டுக் குழுவைக் கலக்காமலே அது வாங்கியது. அந்தப் பணம் யாருடையது? தவணை கட்டிய எளியவர்களுடையது. பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். நீதிபதி சக்ளா பொதுமக்கள் முன்னிலையிலேயே விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். எவ்வளவு உயர்ந்த இடமானாலும், பிறர் பணத்துக்குக் கணக்குச் சொல்லியே தீர வேண்டும் என்பதற்கு இது சான்று.

காப்பீட்டில் வாங்குபவருக்கும் கடமை உண்டு. இருக்கும் நோயை மறைத்துப் படிவம் எழுதுவது, ஒழுங்காகத் தவணை கட்டும் மற்றவர் பங்கில் கை வைப்பதாகும்; பின்னர் தம் குடும்பத்துக்குப் பணம் மறுக்கப்படவும் அதுவே காரணமாகலாம். முகவர் காட்டிய இடத்தில் படிக்காமல் கையெழுத்திடுவதும் தகாது. 2024 முதல், பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைப் படித்துப் பார்த்து, பிடிக்காவிடில் திருப்பித் தரலாம்.

மாணவிகளே! நம் வீடுகளில் தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்தவர்கள் பல சமயம் நாம்தாம். அம்மாவின் வங்கிப் புத்தகத்தையும் சீட்டு அட்டையையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் மாதம் ஒருமுறை வாசித்துச் சொல்வோம். கட்டிய பணத்துக்கு ரசீது கேட்போம். “பழகிய மனிதரிடம் எப்படிக் கேட்பது?” என்று பெரியவர்கள் கூசுவார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு அல்லவா? கணக்குக் கேட்பது சந்தேகம் அன்று. நேர்மையாக நடத்துபவருக்கு ஏட்டைத் திறந்து காட்டுவதில் இழப்பு ஏதுமில்லை. நாளை யாரேனும் பழி சொன்னால் அந்த ஏடே அவருக்குச் சாட்சி நிற்கும்.

நம்மில் சிலர் நாளை வங்கியில் அமர்வோம்; சிலர் தணிக்கை செய்வோம்; சிலர் மகளிர் குழுவின் பணப்பெட்டியைக் காப்போம். அன்று யார் பணம் நம் கைக்கு வந்தாலும், முதலில் அவர் பெயரை வரவு வைப்போம்.