வீட்டில் ஒருவருக்குக் குடல் அழற்சி நோய்: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“எங்க வீட்டுல எல்லாருக்குமே வயிறு சரியில்லை” என்ற பேச்சு ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து லயங்களில் சாதாரணமாகக் காதில் விழும். பெரும்பாலும் அதற்குக் காரணம் பரம்பரை அல்ல. எல்லாரும் குடிக்கும் ஒரே பீலித் தண்ணீர்தான். ஆனால் அப்பாவுக்கோ அக்காவுக்கோ குடல் அழற்சி நோய் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்துவிட்டால் கேள்வி மாறிவிடுகிறது: அடுத்தது எனக்கா, என் பிள்ளைக்கா? பதற்றப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: எந்த நோய் என்று தெரிந்துகொள்ளுங்கள்

குடல் அழற்சி நோயில் முக்கியமானவை இரண்டு. பெருங்குடல் புண் அழற்சி என்னும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். ரத்தமும் சளியும் கலந்த மலம் இதன் முதல் அடையாளம். க்ரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும், திட்டுத்திட்டாக, குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் வரலாம். வயிற்றுவலி, எடை குறைதல், ஆசனவாயருகே சீழ் வடியும் துளை ஆகியவை இதில் தெரியும்.

உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குவதால் வரும் நோய்கள் இவை. தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. பலருக்கு 15 முதல் 35 வயதுக்குள் தொடங்கும். ஐபிஎஸ் என்னும் எரிச்சலுறு குடல் நோய் வேறு: வயிறு தொல்லை கொடுத்தாலும் அதனால் மலத்தில் ரத்தம் வராது.

படி 2: எண்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

பெற்றோர், கூடப் பிறந்தவர், பிள்ளை ஆகியோரில் ஒருவருக்கு க்ரோன் இருந்தால் உங்களுக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டு மடங்கு. கொலைட்டிஸ் என்றால் நான்கு மடங்கு. டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வு சொல்வது இது. ஆனால் எதன் எட்டு மடங்கு என்று கேட்க வேண்டும். கொழும்பு, கம்பஹா மாவட்ட வைத்தியசாலைகளில் எடுத்து 2010இல் வெளியிட்ட கணக்கில், ஒரு லட்சம் பேரில் கொலைட்டிஸ் 5.3 பேருக்கும் க்ரோன் 1.2 பேருக்கும் மட்டுமே இருந்தது. சிறிய எண்ணை எட்டால் பெருக்கினாலும் சிறிய எண்தான். நோயுள்ள ஒருவரின் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதில்லை. தாய், தந்தை இருவருக்கும் இருந்தால் மட்டும் ஆபத்து நன்றாகக் கூடும்.

மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை. 2001இல் க்ரோனோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் மரபணுவான நாட்2 ஐரோப்பியரிடம் முக்கியமானது. அங்கு காணப்படும் அதே மாற்றங்கள் தெற்காசியரிடம் அரிது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு க்ரோன் வந்தால் மற்றவருக்குப் பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் வருவதில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தெற்காசியரிடையே கொலைட்டிஸ் கூடியதை அங்குள்ள மருத்துவர்கள் 1990களில் பதிவுசெய்தார்கள். ஊர் மாறியது, உணவும் வாழ்க்கையும் மாறின, வம்சம் மாறவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆசிய நோயாளிகளில் மிகச் சிலருக்கே குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருக்கிறது. ஆகவே “எங்க பரம்பரையில இல்லையே” என்று ரத்தப்போக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: ஒரு கொப்பியில் குடும்ப விவரம் எழுதுங்கள்

முதலில் பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள். பிறகு தாத்தா, பாட்டி, மாமா, அத்தை, சித்தப்பா. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. தாத்தாவின் தம்பி கூடலூரிலோ கோத்தகிரியிலோ தேயிலைத் தோட்டத்தில் இருக்கலாம். அந்தக் கிளையையும் தொலைபேசியில் விசாரியுங்கள். ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு வரி போதும்:

“பெரியப்பா – 28 வயதில் தொடங்கியது – ரத்தம், சளி, எடை குறைவு – பேராதனையில் கெமராப் பரிசோதனை – கொலைட்டிஸ் – கிளினிக் கார்ட் இருக்கிறது.”

“வயிற்றுளைவில செத்துப்போனார்” என்று மட்டும் தெரிந்த பழைய மரணங்களை இந்த நோயில் சேர்க்காதீர்கள். பெயரை எழுதி “தெரியாது” என்று குறித்தால் போதும். மாமன் மகள், அத்தை மகன் முறையில் நடந்த திருமணங்களையும் குறியுங்கள். குழந்தைப் பருவத்திலேயே, குறிப்பாக இரண்டு வயதுக்குள் தொடங்கும் அரிய வகைகள் சில, நெருங்கிய உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் கூடுதலாகத் தெரிகின்றன.

படி 4: தண்ணீரையும் காசநோயையும் முதலில் விலக்குங்கள்

ஒரே வாரத்தில் லயத்தில் பலருக்கு வயிற்றாலை போனால் அது தொற்று. அமீபாவால் வரும் ரத்தபேதி கொலைட்டிஸ் போலவே தோன்றும். குடல் காசநோய் க்ரோனைப் போலவே தோன்றும். காசநோய் என்று தெரியாமல் க்ரோனுக்கான ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் அது பெருகிவிடும். வீட்டில் யாருக்காவது எப்போதாவது காசநோய் வந்திருந்தால் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 5: எப்போது, எங்கே போவது?

இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள்:

• மலத்தில் ரத்தம்
• நான்கு வாரத்துக்கு மேல் நீளும் வயிற்றாலை
• இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றாலை
• காரணமில்லாமல் எடை குறைதல், பிள்ளை வளராமை
• ஆசனவாயருகே திரும்பத் திரும்பச் சீழ்

கொழுந்து மலையில் கழிவறை இல்லாததால், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பிரட்டுக்குப் போய் வருத்தத்தை மறைக்கும் பெண்கள் உண்டு. பேர் (அன்றைய நாட்சம்பளம்) போய்விடும் என்ற பயமும் சேர்கிறது. “மூலமாத்தான் இருக்கும்” என்று மாதக்கணக்கில் விடாதீர்கள்.

தோட்ட மருந்துச்சாலையில் தொடங்கி, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா வைத்தியசாலைக்கோ போகலாம். தேவைப்பட்டால் கண்டி, பேராதனைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். மலம், ரத்தப் பரிசோதனைகளுக்குப் பின் கெமரா விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் நோயை உறுதிப்படுத்துவார்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் கொப்பியின் முக்கிய வரிகளைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொண்டு போங்கள்.

ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் ரத்தமாகப் போய், காய்ச்சலோ படபடப்போ இருந்தால் காத்திருக்க வேண்டாம். அம்புலன்ஸ் எண்ணான 1990ஐ அழையுங்கள்.

படி 6: நோய் இல்லாத உறவினரும் நோய் உள்ளவரும் செய்ய வேண்டியவை

அறிகுறி இல்லாதவருக்கு மரபணுப் பரிசோதனையும் வேண்டாம், இந்த நோய்க்காகக் கெமராப் பரிசோதனையும் வேண்டாம். சிகரெட், பீடியை விடுங்கள். புகை க்ரோனின் ஆபத்தைக் கூட்டும். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுங்கள். இலங்கையும் பங்கேற்ற ஆசிய–பசிபிக் ஆய்வொன்று 2015இல் வெளியானது. அதில் 12 மாதத்துக்கு மேல் தாய்ப்பால் குடித்தவர்களுக்கு இரண்டு நோய்களும் குறைவாகக் காணப்பட்டன; தினமும் தேநீர் குடித்தவர்களுக்கும் அப்படியே. இது ஒரு தொடர்பு மட்டுமே. தேநீரை மருந்தாக எண்ண வேண்டாம்.

நோய் ஏற்கெனவே உள்ளவர் உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் குளிசைகளைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. அவை நோயைக் கிளப்பிவிடலாம். கொலைட்டிஸ் தொடங்கி எட்டு ஆண்டானதும் பெருங்குடல் புற்றுநோயைத் தேடும் கெமராப் பரிசோதனை பற்றி கிளினிக்கில் கேளுங்கள்.

படி 7: திருமணத்தையும் பிள்ளைப்பேற்றையும் தடுக்காதீர்கள்

சம்பந்தம் பேசும்போது கார்டை ஒளித்துவைப்பதால்தான் அதிகச் சிக்கல் வருகிறது. திருமணமான பிறகு மாத்திரையை மறைத்து விழுங்க வேண்டியிருக்கும். பிறகு அதையும் நிறுத்திவிடுவார்கள். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரித்தால் பெரும்பாலும் பிரசவம் நல்லபடியாக நடக்கும். பெரும்பாலான மருந்துகளைக் கர்ப்பத்திலும் தொடரலாம். மெதோட்ரெக்சேட் போன்ற சில மருந்துகளைக் கருத்தரிப்பதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்லி மாற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டியவை இவைதான்: இது தொற்றும் நோய் அல்ல, பிள்ளைக்கு வரும் வாய்ப்பும் குறைவு, மருந்தை நிறுத்துவதே பெரிய ஆபத்து.