எதிரே வருபவருக்கும் கண் உண்டு

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கம் தோண்டினார்கள். சுரங்க வேலைக்காக வட ஆற்காடு பக்கத்திலிருந்து பல தமிழ்க் குடும்பங்கள் அங்கே போயின. 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. பிள்ளைகள் வேறு வேலை தேடினார்கள்.

ஏழுமலையும் அப்படிப்பட்டவர்தான். அவருடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. ஏழுமலை வாடகைக் கார் ஓட்டுகிறார். அது பழைய கார். கடன் வாங்கி வாங்கியது. இரவில் பெங்களூருக்குச் சவாரி கிடைக்கும். சுமார் 100 கிலோமீட்டர் தூரம். அந்தச் சவாரியில்தான் கடன் அடைகிறது.

ஒரு நாள் இரவு ஏழுமலை திரும்பி வந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு வண்டி வந்தது. அதன் வெளிச்சம் வெள்ளை வெளேர் என்று கண்ணில் அடித்தது. ஏழுமலைக்கு ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கை அழுத்தினார். கார் நின்றது. காருக்கு முன்னால் இரண்டு முழ தூரத்தில் ஒரு பூக்கார அம்மா நின்றார். தலையில் கூடை. கை நடுங்கியது.

"ஏம்ப்பா, கண்ணு தெரியலையா?" என்று கேட்டார்.

ஏழுமலையால் பதில் சொல்ல முடியவில்லை.

ஹெட்லைட்டில் தண்ணீர்

மழைக்காலம் வந்தது. காரின் இடது ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கண்ணாடி போன்ற மூடியில் உள்பக்கம் நீர்த்துளிகள் நின்றன. வெளிச்சம் மங்கிப் போனது. புது விளக்கு வாங்கப் பணம் இல்லை.

செல்வியின் தம்பி சேகர் வந்தான்.

"மாமா, இதை நாமே வீட்டில் பிரிக்கலாம். உள்ளே துடைத்து, மறுபடி ஒட்டிவிடலாம். அப்படியே பெரிய பல்பு போட்டுவிடலாம். நான் வாங்கி வந்திருக்கிறேன். ராத்திரி பகல் மாதிரி இருக்கும்" என்றான்.

ஏழுமலைக்கும் ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். பக்கத்து லைன் வீட்டுப் பெரியவரையும் கூப்பிட்டார்கள். அவர் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர்.

பிரித்தார்கள்

முதலில் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றினார்கள். விளக்கு எரிந்திருந்தால் பல்பு கடும் சூடாக இருக்கும். அதனால் ஆறும்வரை காத்திருந்தார்கள். பிறகு பல்பைக் கழற்றினார்கள். திருகாணிகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார்கள். ஹெட்லைட் முழுதாகக் கையில் வந்தது.

ஹெட்லைட்டின் முன்மூடி பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக். பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கூடு. இரண்டுக்கும் நடுவே கறுப்பு நிறத்தில் பசை இருக்கும். பல வண்டிகளில் இது பியூட்டைல் ரப்பர் பசை. சூடு பட்டால் இளகும். சில வண்டிகளில் வேறு பசை போட்டிருப்பார்கள். அது சூட்டுக்கு இளகாது. அதை நெம்பினால் மூடி உடையும். அப்படிப்பட்ட விளக்கை வீட்டில் பிரிக்கக் கூடாது.

சேகர் அடுப்பைப் பற்ற வைக்கப் போனான். பெரியவர் தடுத்தார்.

"நெருப்பில் காட்டாதே. பிளாஸ்டிக் கோணிவிடும். சலூனில் போய் ஹேர் டிரையர் கேட்டு வா."

சேகர் வாங்கி வந்தான். விளிம்பைச் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டினார்கள். ஒரே இடத்தில் நிறுத்தவில்லை. வெகு நேரம் ஆனது. பசை இளகியது. கிளிப்புகளை விடுவித்தார்கள். தட்டையான திருப்புளியால் மெல்ல மெல்ல நெம்பினார்கள். மூடி தனியாக வந்தது.

உள்ளே பளபளவென்று ஒரு கிண்ணம் இருந்தது. அதுதான் ரிஃப்ளெக்டர். பல்பின் வெளிச்சத்தைச் சாலைக்கு அனுப்புவது அதுதான். சேகர் துணியை எடுத்தான்.

"அதைத் தொடாதே!" என்றார் பெரியவர். "அது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. துடைத்தால் கீறல் விழும். பூச்சும் உரிந்து வரும். அப்புறம் எந்தப் பல்பு போட்டாலும் வெளிச்சம் சரியாக வராது."

மூடியை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். நிழலில் நன்றாக உலர வைத்தார்கள். கூட்டைத் திறந்தபடி காற்றில் வைத்தார்கள்.

செல்வி படித்த எண்

செல்வி தேநீர் கொண்டு வந்தாள். அவள் அறிவொளி மையத்தில் படித்தவள். இப்போது எதைப் பார்த்தாலும் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். எண்களை நன்றாகப் படிப்பாள். பழைய பல்பின் அடியில் சிறிய எழுத்தில் ஏதோ இருந்தது.

"12 வோல்ட். 60, 55 வாட்" என்று படித்தாள். பிறகு சேகர் வாங்கி வந்த பல்பை எடுத்தாள். "என்னங்க, இதில் 100, 90 என்று போட்டிருக்கிறதே. இரண்டும் ஒன்றா?"

"அதுதான் அக்கா, பெரிய பல்பு" என்றான் சேகர்.

பெரியவர் ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டார்.

"வாட்டை வோல்ட்டால் வகுத்தால் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று தெரியும். 60-ஐ 12-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். 100-ஐ 12-ஆல் வகுத்தால் 8-க்கும் மேல். இந்த வண்டியின் வயரும் ஹோல்டரும் 5 ஆம்பியருக்காகப் போட்டவை. 8 ஓடினால் சூடாகும். ஹோல்டர் உருகும். தீப்பிடிக்கவும் கூடும். சுரங்கத்தில் நாங்கள் முதலில் கற்ற பாடம் இதுதான்."

"அப்படியானால் எல்.இ.டி. பல்பு போடலாமே, பெரியப்பா? அதற்கு மின்சாரம் குறைவுதானே?" என்றான் சேகர்.

"குறைவுதான். ஆனால் இந்த ரிஃப்ளெக்டர் பழைய பல்புக்காகச் செய்தது. பல்புக்குள் கம்பி எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப இதை வளைத்திருக்கிறார்கள். வேறு மாதிரி பல்பு போட்டால் வெளிச்சம் சாலையில் விழாமல் சிதறும். எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்."

ஏழுமலைக்குப் பூக்கார அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அன்று எதிரே வந்த வண்டியின் வெளிச்சமும் நினைவுக்கு வந்தது.

"சேகர், அந்தப் பல்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. பழைய அளவிலேயே வாங்கி வா" என்றார்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியது. வண்டியைத் தயாரித்தவர் தந்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது. 2019-ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு.

ஒட்டினார்கள்

பழைய பசையைச் சுரண்டி எடுத்தார்கள். புதிய பியூட்டைல் பட்டையைப் பள்ளத்தில் வைத்தார்கள். இடைவெளி இல்லாமல் சுற்றி வைத்தார்கள். மறுபடியும் சூடு காட்டினார்கள். மூடியைப் பொருத்தி அழுத்தினார்கள். கிளிப்புகளை மாட்டினார்கள். ஆறவிட்டார்கள்.

கூட்டின் பின்பக்கம் ஒரு சிறு ஓட்டை இருந்தது. சேகர் அதையும் பசையால் அடைத்தான். "இனி ஒரு சொட்டு தண்ணீர் போகாது" என்றான்.

புதுப் பல்பை அதன் அடிப்பகுதியைப் பிடித்து மாட்டினார்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் அதிகமாகச் சூடேறும். பல்பு சீக்கிரம் கெடும்.

மறுநாள் காலை பார்த்தார்கள். மூடிக்குள் மீண்டும் பனி படர்ந்திருந்தது. சேகருக்கு ஒன்றும் புரியவில்லை.

பெரியவர் சிரித்தார். "அந்த ஓட்டை விளக்கு மூச்சு விடும் வழி. விளக்கு எரிந்தால் உள்ளே காற்று சூடாகி விரியும். அணைத்தால் சுருங்கும். ஈரக் காற்று வெளியே போக வழி வேண்டாமா?"

ஓட்டையைத் திறந்தார்கள். விளக்கைச் சிறிது நேரம் எரிய விட்டார்கள். பனி மறைந்தது. லேசான பனி படிந்து விளக்கு எரிந்ததும் மறைந்தால் பயம் இல்லை. தண்ணீர் தேங்கி நின்றால்தான் கசிவு இருக்கிறது என்று பொருள்.

சுவரில் பார்த்தார்கள்

கடைசி வேலை ஒன்று இருந்தது. மாலை இருட்டியதும் காரைச் சமதரையில் நிறுத்தினார்கள். முன்னால் 10 மீட்டர் தூரத்தில் ஒரு சுவர். தரையிலிருந்து விளக்கின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்தார்கள். அதே உயரத்தில் சுவரில் கோடு போட்டார்கள். டிம் லைட்டைப் போட்டார்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோட்டைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்வாக விழ வேண்டும். இந்த அளவு வண்டிக்கு வண்டி சற்று மாறும். வண்டியோடு வரும் புத்தகத்தில் பார்க்கலாம். நம் நாட்டில் இடது பக்கம் போகிறோம். அதனால் இடது ஓரத்தில் வெளிச்சம் சற்று மேலே ஏறலாம். வலது பக்கம் ஏறக் கூடாது. அங்கேதான் எதிர் வண்டி வரும்.

இடது விளக்கு மேலே பார்த்தது. பின்னால் உள்ள திருகாணியைத் திருப்பிச் சரி செய்தார்கள்.

அன்று இரவு ஏழுமலைக்குச் சவாரி வந்தது. வெளிச்சம் பகல் மாதிரி இல்லை. ஆனால் சாலை தெளிவாகத் தெரிந்தது. எதிரே ஒரு லாரி வந்தது. ஏழுமலை டிம் செய்தார். லாரிக்காரரும் டிம் செய்தார். இருவரும் ஒருவரை ஒருவர் கடந்து போனார்கள். சாலை ஓரத்தில் யாரோ நடந்து போனார்கள். ஏழுமலை தூரத்திலேயே பார்த்துவிட்டார். வேகத்தைக் குறைத்தார்.

பயிற்சி

1. படியுங்கள்: ஹெட்லைட், பசை, வோல்ட், வாட், ஆம்பியர், வெளிச்சம்.
2. ரிஃப்ளெக்டரை ஏன் துடைக்கக் கூடாது?
3. 60 வாட் பல்பு, 12 வோல்ட் பேட்டரி. எத்தனை ஆம்பியர் ஓடும்? எழுதுங்கள்.
4. விளக்கின் பின்னால் உள்ள சிறு ஓட்டையை ஏன் அடைக்கக் கூடாது?
5. உங்கள் வீட்டில் எரியும் பல்பில் உள்ள எண்களைப் படித்து எழுதுங்கள். படிப்பதற்கு முன் பல்பை அணைத்து ஆறவிடுங்கள்.
6. உங்கள் ஊர்ச் சாலையில் இரவில் நடப்பவர்கள் யார் யார்? அவர்கள் பத்திரமாகப் போக என்ன செய்யலாம்? கூடிப் பேசுங்கள்.