வீட்டில் தனியாக பிட்காயின் மைனிங்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2022 ஜனவரியில், பெயர் வெளியே வராத ஒருவருக்கு ஒரே பிளாக்கில், அதாவது பரிவர்த்தனைகளைப் பதியும் ஒரே தொகுப்பில், 6.25 பிட்காயின் பரிசாகக் கிடைத்தது. அவர் பெரிய நிறுவனம் நடத்துபவர் அல்ல. அவரிடம் இருந்தது 126 டெராஹாஷ் திறன் (ஒரு டெராஹாஷ் என்பது நொடிக்கு ஒரு லட்சம் கோடி முயற்சிகள்). மெஷின் ஒன்றோ இரண்டோ இருந்தால் எட்டிவிடும் அளவு. அன்றைய நிலவரப்படி அந்தத் திறனுக்கு ஒரு பிளாக் கிடைக்க சராசரியாக கால் நூற்றாண்டு ஆக வேண்டும். 2024 ஜூலையில் இன்னும் விசேஷம். பிட்ஆக்ஸ் என்ற கைக்கடக்கமான கருவி வகையை ஓட்டிய ஒருவருக்கு முழு பிளாக் வசமானது.

இரண்டும் நடந்தவைதான். இவற்றை வைத்து முளைத்த நம்பிக்கைகளில்தான் கோளாறு.

"செல்போன் இருந்தாலே மைனிங் பண்ணலாம்"

2009இல் லேப்டாப் போதுமானதாக இருந்தது. வேல்ஸின் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸ் அந்த ஆண்டில் தன் லேப்டாப்பிலேயே ஆயிரக்கணக்கான பிட்காயின்களை எடுத்தார். 2010இல் கிராபிக்ஸ் கார்டுகள் களமிறங்கின. 2013இல் பிட்காயினுக்கென்றே செய்த ஏசிக் சிப்கள் வந்ததும் மற்றதெல்லாம் ஓரங்கட்டப்பட்டன. கேமிங் கார்டு வைத்திருந்தவர்களுக்கு மிச்சமிருந்த பெரிய வாய்ப்பு எதீரியம் என்ற வேறொரு கிரிப்டோ நாணயம். அதுவும் 2022 செப்டம்பர் 15இல் மைனிங்கையே கைவிட்டது.

போனில் மைனிங் செய்யும் செயலிகளை ஆப்பிளும் கூகுளும் 2018லேயே தடை செய்துவிட்டன. ஆனாலும் "உங்களுக்காக எங்கள் சர்வர் மைனிங் செய்யும்" என்று பணம் கறக்கும் செயலிகள் ஒழியவில்லை. இப்படிப்பட்ட 170க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை லுக்அவுட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021இல் அம்பலப்படுத்தியது. ஏமாந்தவர்கள் 93,000 பேருக்கு மேல். திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் மைனிங் எதுவும் நடக்கவில்லை.

"சின்ன கருவிக்கும் ஒருநாள் அடிக்காமலா போகும்?"

இதற்குக் கணக்குதான் பதில். மைனிங் என்பது ஒரு புதிரை அறிவால் அவிழ்ப்பது அல்ல. 80 பைட் நீளமுள்ள ஒரு தலைப்புத் தகவலை எடுத்து, அதிலுள்ள ஓர் எண்ணை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் எஸ்ஹெச்ஏ-256 என்ற சூத்திரத்தில் இருமுறை அரைத்துப் பார்ப்பது. வரும் விடை குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால் பிளாக் உங்களுடையது. இல்லையென்றால் அடுத்த எண். பிட்ஆக்ஸ் காமா என்ற கருவி இதை நொடிக்குச் சுமார் 1.2 லட்சம் கோடி முறை செய்கிறது. அந்த எண்ணுக்குள்ள 430 கோடி வாய்ப்புகளையும் நான்கு மில்லி நொடிக்குள் தீர்த்துவிட்டு, தலைப்பையே மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்குகிறது. கேட்கவே மலைப்பாக இருக்கிறது அல்லவா?

எதிரே நிற்கும் கூட்டத்தையும் பார்க்க வேண்டும். உலகின் மொத்தத் திறன் 2025இல் ஒரு செட்டாஹாஷைத் தாண்டியது. அதாவது 100 கோடி டெராஹாஷ். அதில் 1.2 டெராஹாஷ் என்றால், ஒரு பிளாக்குக்கு 83 கோடியில் ஒரு வாய்ப்பு. பத்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் நாளைக்கு 144 பிளாக்குகள். வகுத்துப் பார்த்தால் சராசரிக் காத்திருப்பு சுமார் 16,000 ஆண்டுகள். நாளையே கிடைக்கலாம், கிடைக்காமலே போகலாம். தமிழ்நாடு 2003இல் தடை செய்த லாட்டரிச் சீட்டுக்கும் இதற்கும் குணத்தில் வேறுபாடு குறைவு. இங்கே வாய்ப்பு எவ்வளவு என்பதை முன்கூட்டியே துல்லியமாகக் கணக்கிடலாம், அவ்வளவுதான்.

"ஓட ஓட நெருங்கி வருகிறது"

கருவியின் குட்டித் திரையில் 'பெஸ்ட் டிஃபிகல்ட்டி' என்று ஓர் எண் தெரியும். இதுவரை வந்த விடைகளில் மிகச் சிறந்ததன் அளவுகோல் அது; விடை சிறிதாக ஆக இந்த எண் பெரிதாகும். அந்த எண் கோடிகளில் எகிறும்போது மனசு பரபரக்கும். காமா ஓராண்டு ஓடினால் அது 880 கோடி அளவுக்கு வருவது சகஜம். ஜெயிக்கத் தேவையான எண் 2025இல் 100 லட்சம் கோடிக்கும் மேலே இருந்தது. இன்னொன்று, நேற்றைய விடை இன்றைக்கு உதவாது. ஒவ்வொரு முயற்சியும் புதிது. ஐந்து வருடம் ஓடிய கருவிக்கும் காலையில் பிளக்கில் மாட்டிய கருவிக்கும் அடுத்த பிளாக்கில் வாய்ப்பு ஒன்றே.

"அப்படியானால் பெரிய மெஷினாக வாங்கிவிடலாம்"

ஆன்ட்மைனர் எஸ்21 மெஷினின் திறன் 200 டெராஹாஷ். காத்திருப்பு 16,000 ஆண்டிலிருந்து சுமார் 95 ஆண்டாகக் குறையும். நல்ல முன்னேற்றம்தான்! ஆனால் அது இழுப்பது 3,500 வாட். 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல். இரவு பகல் ஓயாமல். ஏசிக்குப் போடும் 16 ஆம்பியர் பிளக் அந்தச் சுமையின் விளிம்பிலேயே நின்றுகொண்டிருக்கும். தனி வயரிங்கும் தனி எம்சிபியும் இல்லாமல் இதை மாட்டுவது தீயோடு விளையாடுவது. விசிறிகளின் இரைச்சல் 75 டெசிபல் வரை. இழுக்கும் மின்சாரம் அத்தனையும் வெப்பமாக வெளியே வரும். குளிர் நாடுகளில் அதை வைத்து அறையைச் சூடாக்குகிறார்கள். சென்னையில் சித்திரை மாதத்தில் என்ன செய்வது?

பில்லையும் பார்த்துவிடலாம். ஒரு நாளைக்கு 84 யூனிட், இரண்டு மாதத்துக்கு 5,000 யூனிட்டுக்கு மேல். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பின் உச்சப் படியில் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் ஆகிறது. முதல் 100 யூனிட் இலவசம் இங்கே எந்த மூலைக்கு? பில் 50,000 ரூபாயைத் தாண்டிவிடும். தனியாக ஓட்டாமல், பலர் திறனைச் சேர்த்துப் பரிசைப் பங்கிடும் பூலில் சேர்த்தாலும் ஒரு செட்டாஹாஷ் கணக்கில் நாளைக்கு 0.00009 பிட்காயின்தான் வரும். ஒரு பிட்காயின் 80 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 720 ரூபாய். மின்செலவு 900 ரூபாய்க்கு மேல். வீட்டு மின்சாரத்தில் இது தொழிலாகாது.

"தனி மைனிங்கில் இடைத்தரகரே இல்லை"

முழு பிட்காயின் நோடு வைத்து அதோடு கருவியை இணைத்தால் உண்மை. அதற்கு 600 ஜிபிக்கு மேல் வளர்ந்துவிட்ட பதிவேட்டை இறக்கிச் சரிபார்க்க வேண்டும். அதனால் பெரும்பாலோர், நோடு வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டு பரிசைப் பங்கிடாமல் பிளாக் எடுத்தவருக்கே தரும் சோலோ பூல்களையே நாடுகிறார்கள். பிரபலமானது சிகேபூல். நடத்துபவர் ஆஸ்திரேலியாவின் கான் கோலிவாஸ். தொழிலால் மயக்கவியல் மருத்துவர், லினக்ஸ் உலகில் பெயர் பெற்ற புரோகிராமர். பிளாக் கிடைத்தால் 2 சதவீதம் கட்டணம், மீதி உங்கள் வாலட்டுக்கு.

பரிசு உடனே கைக்கு வந்துவிடாது. மேலும் 100 பிளாக்குகள் சேரும்வரை, அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம், அதைச் செலவழிக்க முடியாது.

"செலவு போக மீதிக்குத்தானே வரி?"

இல்லை. இந்தியாவில் கிரிப்டோவுக்குத் தடை கிடையாது. கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிச் சேவை தரக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4இல் ரத்து செய்தது. ஆனால் 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. மைனிங் கட்டமைப்புக்கான செலவை வாங்கிய விலையாகக் காட்ட முடியாது என்று நிதியமைச்சகம் 2022 மார்ச்சில் மக்களவையில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் ஆசை விடவில்லையா? தவறில்லை. பிட்ஆக்ஸ் மாதிரி ஒன்றோடு தொடங்குங்கள். 18 வாட் அளவுதான் இழுக்கும்; இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். கருவி கிளப்பும் வைஃபையில் போனை இணைத்து, வீட்டு வைஃபை, பூல் முகவரி, வாலட் முகவரி மூன்றையும் பதிந்தால் வேலை முடிந்தது. வாலட் உங்களுடையதாக இருக்கட்டும், எக்ஸ்சேஞ்சுடையதாக வேண்டாம். அதன் மீட்புச் சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள், போட்டோ எடுக்காதீர்கள். பதிந்த முகவரியை எழுத்து எழுத்தாக ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். கருவிக்குக் கொடுத்த பணத்தை முதலீட்டுக் கணக்கில் எழுதாமல் பொழுதுபோக்குச் செலவில் எழுதுங்கள்.