செவிலிப் பசு: கலப்பினக் கன்றுகளைக் காக்க ஒரு வழி

நம் நாட்டின் கால்நடை வளர்ச்சித் திட்டங்கள் அனைத்தும் பால் உற்பத்தியைப் பெருக்குவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு வந்துள்ளன. முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் ஆதாரக் கிராமத் திட்டம் தொடங்கப்பட்டது. 1964-65இல் தீவிர கால்நடை அபிவிருத்தித் திட்டமும், 1970இல் வெண்மைப் பெருக்குத் திட்டமும் செயற்பட முற்பட்டன. கர்னாலிலுள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையம் கரன் சுவிஸ், கரன் பிரீஸ் ஆகிய கலப்பினங்களை உருவாக்கியது. கேரளத்தில் 1963இல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தின் வழியே சுனந்தினி இனம் தோன்றியது. இம்முயற்சிகளின் பயனாக, 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டிலுள்ள ஏறத்தாழ 19.25 கோடி மாடுகளில் 5.04 கோடி அயலினமும் கலப்பினமுமாக இருந்தன.

இந்தப் பெருக்கத்திற்கு அடிப்படை கன்று. உயர்ந்த காளையின் விந்தைக் கொண்டு செயற்கை முறையில் கருவூட்டி, ஒன்பது மாதம் காத்திருந்து பெற்ற கிடேரிக் கன்று மூன்று மாதத்திற்குள் இறந்துவிட்டால், அதுவரை செலவிட்ட பொருளும் உழைப்பும் வீணாகின்றன. பசுக்களின் இனச் சீர்திருத்தத்தைப் பற்றி நாம் பேசும் அளவிற்குக் கன்றுகளின் பிழைப்பைப் பற்றிப் பேசுவதில்லை. இக்குறையைப் போக்க உதவும் முறைகளுள் ஒன்றான செவிலிப் பசு முறையின் பயனையும் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பாலுக்கு இரு போட்டியாளர்

சிறு விவசாயியின் வீட்டில் கறக்கும் பாலுக்கு இருவர் போட்டியிடுகின்றனர். ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தின் பால் கொள்முதலாளர், மற்றது கன்று. சங்கத்திற்கு ஊற்றும் பாலுக்குப் பணம் கிடைக்கிறது. கன்று குடிக்கும் பாலுக்கோ இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகே பலன் தெரியும். ஆகவே, கன்றுக்கு ஒரு காம்பு என்று தொடங்கி, நாளடைவில் கறந்து முடிந்த மடியை நக்கவிடும் நிலைக்கு வந்துவிடுவது பல ஊர்களில் காணப்படும் வழக்கம். இதை விவசாயியின் அறியாமை என்று கூறிவிட முடியாது. அன்றாடச் செலவுக்கு அன்றாட வரவை நம்பியிருப்பவன் வேறு எவ்வாறு நடந்துகொள்வான்?

இவ்வாறு குறை உணவில் வளரும் கன்றின் நட்டத்தை ஓர் எளிய கணக்கால் அறியலாம். பிறப்பு எடை 28 கிலோ உள்ள கலப்பினக் கிடேரி, 250 கிலோ எடையை அடையும்போது கருவூட்டலுக்குத் தகுதி பெறுகிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு 450 கிராம் வீதம் வளரும் கன்று இந்த எடையை 493 நாட்களில், அதாவது ஏறத்தாழ 16 மாதங்களில் எட்டும். 300 கிராம் வீதமே வளரும் கன்றுக்கு 740 நாட்கள் தேவைப்படும். முதல் ஈற்று எட்டு மாதம் தள்ளிப் போகிறது. அந்த எட்டு மாதமும் தீவனம் தின்னும் மாடு பால் தருவதில்லை.

செவிலிப் பசு என்பது யாது?

தான் ஈன்ற கன்றோடு பிற கன்றுகளுக்கும் பாலூட்டி வளர்க்கும் பசுவே செவிலிப் பசு. தாயை இழந்த கன்று, இரட்டையாகப் பிறந்த கன்று, மடிநோய் கண்ட பசுவின் கன்று ஆகியவற்றை இத்தகைய பசுவிடம் விடலாம்.

இதற்குக் கலப்பினப் பசு ஏற்றது. நாட்டுப் பசுக்கள் பலவும் தன் கன்றைக் கண்டாலன்றிப் பால் சுரப்பதில்லை. பிற கன்றை முட்டித் தள்ளும் இயல்பும் அவற்றிடம் மிகுதி. அவற்றின் பாலும் தன் கன்றுக்குப் போக இன்னொரு கன்றுக்குப் போதுவது அரிது. ஜெர்சி அல்லது ஹோல்ஸ்டீன் பிரீஷியன் கலப்புப் பசு நாளொன்றுக்கு 8 முதல் 10 லிட்டர் வரை கறப்பதாயின், அதன் பால் மூன்று கன்றுகளுக்குப் போதுமானது.

எனினும் சங்கத்திற்குப் பால் ஊற்றி நல்ல வருவாய் ஈட்டும் பசுவை இப்பணியில் ஈடுபடுத்துவது சிக்கனமன்று. ஒரு காம்பு அடைபட்டு மூன்று காம்புகளில் மட்டும் பால் தரும் பசு, கறவைக்குக் கடினமான சிறு காம்புகளையுடைய பசு, கறப்பவரிடம் அடங்காது கன்றிடம் மட்டும் அடங்கும் பசு, மாலைப் பால் கொள்முதல் இல்லாத ஊரிலுள்ள பசு ஆகியவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். மடிநோய் இருக்கும் பசு ஒருபோதும் செவிலியாகக் கூடாது. காசநோய், கருச்சிதைவு நோய் (புரூசெல்லோசிஸ்), ஜோன்ஸ் நோய் ஆகியவை இல்லை என்பதைக் கால்நடை மருத்துவரின் சோதனையால் உறுதி செய்துகொள்ளல் இன்றியமையாதது. ஒரு பசுவின் நோய் அதனிடம் பால் குடிக்கும் கன்றுகள் அனைத்திற்கும் பரவக்கூடும் என்பதை மறத்தலாகாது.

சீம்பாலுக்கு ஈடில்லை

கன்று நோய் எதிர்ப்பு ஆற்றலுடன் பிறப்பதில்லை. தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடியின் வழியே கருவிலுள்ள கன்றைச் சென்றடைவதில்லை. அவை சீம்பாலின் மூலமே கிடைக்கின்றன. அப்புரதங்களை உட்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்குப் பிறந்த சில மணி நேரம் வரை மிகுந்தும், பின்னர்ப் படிப்படியாகக் குறைந்தும், 24 மணி நேரத்தில் பெரும்பாலும் அற்றும் போகிறது. எனவே, பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் முதல் சீம்பாலைப் புகட்டிவிட வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் தேவை.

சில வாரங்களுக்கு முன் ஈன்ற செவிலிப் பசுவிடம் சீம்பால் இருக்காது. ஆதலால் பிற கன்றுகள் தத்தம் தாயிடம் மூன்று நான்கு நாட்கள் சீம்பால் குடித்த பின்னரே செவிலியிடம் வரவேண்டும். ஈன்றவுடன் தாய் இறந்துவிட்டால், அதே நாளில் ஈன்ற வேறு பசுவின் சீம்பாலைப் பெற்றுக் கொடுக்கலாம். மிகுதியான சீம்பாலை உறைநிலையில் ஓராண்டு வரை சேமிக்கலாம். பால் குளிர்விப்பு நிலையங்களில் இதற்கென ஓர் உறைபெட்டி வைத்தல் பெருஞ்செலவன்று. உறைந்த சீம்பாலை வெதுவெதுப்பான நீரில் வைத்தே இளக்க வேண்டும். கொதிக்கவைத்தால் எதிர்ப்புப் புரதங்கள் சிதைந்துவிடும்.

பிற கன்றை ஏற்கச் செய்தல்

கன்று இறந்தபின் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறக்கும் வழக்கத்தை நம் கிராமத்தார் நன்கு அறிவர். பசு தன் கன்றை முதலில் மணத்தாலும், பின்னர்க் குரலாலும் தோற்றத்தாலும் இனங்காண்கிறது. புதிய கன்றை ஏற்கச் செய்யும் முறைகளும் இதே உண்மையை அடிப்படையாகக் கொண்டவை.

பசு ஈன்ற முதல் சில நாட்களே இதற்கு மிக உகந்த காலம். புதிய கன்றின் முதுகிலும் தலையிலும் செவிலிப் பசுவின் பாலையோ, உப்பு அல்லது வெல்லம் கரைத்த நீரையோ தடவிப் பசு நக்கும்படி விடலாம். பசுவைக் கட்டி, முன்னால் அடர்தீவனம் வைத்து, தன் கன்றை ஒரு பக்கத்திலும் புதிய கன்றை மறுபக்கத்திலும் ஒரே நேரத்தில் விடவேண்டும். மூன்றாவது கன்றைப் பின்புறமாக விட்டால் பசுவால் அதை மோந்து பார்க்க இயலாது. பொதுவாக மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் பசு இணங்கிவிடும். அதன் பின்னும் உதைத்து விலக்கும் பசுவை வற்புறுத்துவதில் பயனில்லை.

அன்றாடப் பராமரிப்பு

கன்றுகளை நாள் முழுவதும் பசுவுடன் விட்டுவைக்கக் கூடாது. காலையிலும் மாலையிலும் 15 முதல் 20 நிமிடம் வரை ஊட்டவிட்டுப் பிரித்துக் கட்ட வேண்டும். இடைவிடாது ஊட்டும் பசு மீண்டும் சினைக்கு வரக் காலம் தாழ்த்தும். இருவேளை ஊட்டும்போது இத்தாமதம் குறைவு. ஊட்டி முடிந்ததும் கன்றுகளின் வாயைத் துடைத்துச் சிறிது தீவனம் வைத்தால், ஒன்றன் காதையும் தொப்புளையும் மற்றொன்று சப்பும் பழக்கம் ஏற்படாது.

மூன்று கன்றுகளும் ஏறத்தாழ ஒரே வயதும் எடையும் உடையனவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் வலியது வயிறார உண்ண, மெலியது பட்டினி கிடக்கும். வாரம் ஒரு முறை எடை காண்பது இதை அறிய உதவும். தராசு இல்லாத இடத்தில் நாடாவால் அளந்து கணக்கிடலாம். நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 30 அங்குலமும் நீளம் 27 அங்குலமும் உள்ள கன்றின் எடை ஏறத்தாழ 37 கிலோ ஆகும்.

காம்பில் ஊட்டும் கன்று உடற்சூட்டிலுள்ள பாலை மெதுவாக, உமிழ்நீருடன் கலந்து பருகுகிறது. பால் முதல் இரைப்பையில் தங்காமல் நேரே நான்காம் இரைப்பையைச் சென்றடைகிறது. தூய்மையற்ற வாளியால் வரும் கழிச்சலுக்கும் இடமில்லை. ஆனால் பால் மட்டும் கொடுத்தால் முதல் இரைப்பை வளர்ச்சி பெறாது. இரண்டாம் வாரத்திலிருந்தே கன்றுத் தீவனமும், இளம் புல்லும், தூய நீரும் வைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாட்கள் 700 கிராமுக்குக் குறையாமல் கன்றுத் தீவனம் உண்ணும் கன்றைப் பாலிலிருந்து பிரிக்கலாம். இது பெரும்பாலும் 70 நாளளவில் கைகூடும்.

பிறந்தவுடன் தொப்புளில் டிங்சர் அயோடின் தடவுதலும், பத்தாம் நாளையொட்டிக் குடற்புழு நீக்கமும் தவறக்கூடாதவை. உருண்டைப் புழுவின் இளம் பருவங்கள் தாய்ப்பாலின் வழியாகவும் கன்றுகளுக்குப் பரவும்.

செவிலிப் பசுவின் உணவிலும் குறை வைக்கலாகாது. உடல் பராமரிப்புக்கு உரிய தீவனத்துடன், தரும் பாலில் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ வீதம் அடர்தீவனமும், தாது உப்புக் கலவையும் தரவேண்டும்.

வரவு செலவு

ஒரு பசு தன் கறவைக் காலத்தில் மூன்று தொகுதிகளாகக் கன்றுகளை வளர்க்க இயலும். நாளொன்றுக்கு 10 லிட்டர் தரும் முதல் பருவத்தில் மூன்று கன்றுகளும், 8 லிட்டர் தரும் இரண்டாம் பருவத்தில் மூன்று கன்றுகளும், 6 லிட்டராகக் குறையும் மூன்றாம் பருவத்தில் இரண்டு கன்றுகளுமாக எட்டுக் கன்றுகள் பயன் பெறலாம். பின்னிரு தொகுதிகளிலும் பசுவின் சொந்தக் கன்று இராது. எனவே அவற்றை ஏற்கச் செய்யக் கூடுதல் பொறுமை தேவை.

இம்முறையில் பால் இலவசமாகக் கிடைக்கிறது என்று எண்ணுதல் தவறு. கன்றொன்று நாளுக்கு இரண்டரை லிட்டர் வீதம் 70 நாளில் 175 லிட்டர் பால் குடிக்கிறது. லிட்டர் 35 ரூபாய் என்று கொண்டால் இதன் மதிப்பு 6,125 ரூபாய். ஆகவே செவிலிப் பசு பாலை மிச்சப்படுத்துவதில்லை. அது மிச்சப்படுத்துவது உழைப்பையும் கன்றின் உயிரையுமே. கறத்தல், சூடாக்குதல், புகட்டுதல், வாளி கழுவுதல் ஆகிய வேலைகள் நீங்குகின்றன. பயிற்சி பெற்ற பணியாளரும் தூய்மையான வசதிகளும் உடைய பெரிய பண்ணைகளுக்கு வாளியில் பாலும், பாலுக்கு மாற்றான உணவும் புகட்டும் முறையே சிக்கனமாக அமையலாம். சந்தைக்கு ஏற்காத பால் இருக்குமிடத்திலும், வேலையாள் குறைந்த இடத்திலும் செவிலிப் பசு பொருத்தமானது.

செய்ய வேண்டுவன

தேசிய விவசாயக் கமிஷனின் பரிந்துரைப்படி 1975-76இல் தொடங்கிய விசேஷக் கால்நடை அபிவிருத்தித் திட்டம், கலப்பினக் கிடேரிகளை வளர்க்கச் சிறு விவசாயிகளுக்குத் தீவனச் செலவில் பாதியையும், விவசாயத் தொழிலாளர்களுக்கு மூன்றில் இரு பங்கையும் மானியமாக அளித்தது. அது சிறந்த ஏற்பாடு. ஆயினும் நான்கு மாத வயதை எட்டிய கன்றுகளுக்கே அவ்வுதவி கிடைத்தது. ஆபத்து மிகுந்த முதல் மூன்று மாதங்களைக் கடந்து உயிர் தப்பிய கன்றே திட்டத்தின் வாயிலை அடைந்தது.

இந்த இடைவெளியை நிரப்புவதே இன்றைய தேவை. பால் உற்பத்தியாளர் சங்கம் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் ஓரிரு செவிலிப் பசுக்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் உடைமையாளருக்குக் கன்றுகள் குடிக்கும் பாலின் மதிப்பை ஈடாக வழங்கலாம். கன்றின் சொந்தக்காரர் ஒரு பகுதியையும், சங்கம் மறு பகுதியையும் ஏற்கலாம். கால்நடை மருந்தகம் பசுக்களைச் சோதித்துச் சான்றளிக்கலாம். கருவூட்டல் பதிவேட்டில் கன்று பிறந்த நாளைக் குறிப்பதோடு நில்லாமல், தொண்ணூறாம் நாளில் அது உயிருடன் உள்ளதா, எடை என்ன என்பதையும் குறிக்கச் செய்யலாம்.

போடப்பட்ட கருவூட்டல்களின் எண்ணிக்கையை ஆண்டறிக்கைகளில் காண்கிறோம். பிழைத்து வளர்ந்து ஈன்ற கிடேரிகளின் எண்ணிக்கையும் அதன் அருகில் இடம்பெறுமாயின், திட்டத்தின் உண்மையான பலனை விவசாயியும் அதிகாரியும் ஒருங்கே அறிய முடியும்.