முதலில் கைக்கட்டு, பிறகுதான் கையுறை



என் வலது கையை மூடிப் பிடித்தால் நான்கு முட்டிகளில் மூன்றுதான் தெரியும். சுண்டுவிரல் முட்டி உள்ளே அமிழ்ந்து கிடக்கும். வகுப்புக்குப் புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, போட்டியில அடிபட்டதா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை என்னன்னா, சும்மா தொங்கிக்கிட்டு இருந்த ஒரு குத்துப்பையை நான்தான் போய்க் குத்தினேன்.

அப்போது எனக்கு வயது 19. உடம்பைக் குறைக்கணும்னு திடீரென்று ஒரு வேகம். பசார் மாலாமில் 35 வெள்ளிக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கினேன். கைக்கட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. கூட வந்த நண்பன், "கிளவுஸ் போட்டாச்சு, போதும் லா" என்றான். மூன்றாம் நாள் பக்கவாட்டில் வீசிய ஒரு குத்து சுண்டுவிரல் பக்கமாகப் போய் விழுந்தது. எலும்பு முறிவு. தைப்பூசத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. எங்கள் உறுமி மேளக் குழுவில் நான் தவில். அந்த வருடம் குழு என்னை விட்டுவிட்டு நடந்தது. நான் தண்ணீர்ப் பந்தலில் நின்று இடது கையால் மோர் ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது உடற்பயிற்சிக்காகப் பாக்சிங் பழகும் இளைஞர்கள், அதிலும் தங்கைகள், நிறைய பேர் வருகிறார்கள். அதனால்தான் இந்தப் பாடம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கையுறை செய்யும் வேலை வேறு, கட்டு செய்யும் வேலை வேறு. நம் ஒரு கையில் 27 எலும்புகள். உள்ளங்கைக்குள் ஓடும் ஐந்தும் மெல்லியவை. கையுறையின் பஞ்சு வெளியிலிருந்து வரும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் உள்ளே அந்த எலும்புகள் ஒன்றோடொன்று நகராமல் சேர்த்துப் பிடிப்பதும், மணிக்கட்டு மடங்காமல் தாங்குவதும் கட்டுதான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டிகளும் முன்கை எலும்போடு நேர்க்கோட்டில் இருக்கின்றன, அதனால் குத்து அங்கேதான் விழணும். சுண்டுவிரல் பக்கம் பலவீனமானது. எனக்கு வந்த முறிவுக்கு மருத்துவத்தில் 'பாக்ஸர் முறிவு' என்றே பெயர். வேடிக்கை என்னன்னா, அது பழகிய வீரர்களைவிட, கோபத்தில் சுவரைக் குத்தும் ஆட்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

1975-இல் முகமது அலி நம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் ஜோ பக்னரோடு 15 சுற்றும் மோதி வென்றதைப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். அந்த மாதிரித் தொழில்முறை வீரர்களுக்கு ஒருவர் எதிரே உட்கார்ந்து, மெல்லிய மருத்துவத் துணியும் டேப்பும் வைத்துப் பொறுமையாகக் கட்டிவிடுவார். நமக்குத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணிக்கட்டு போதும். நீளம் 180 அங்குலம், அதாவது சுமார் நாலரை மீட்டர், இருப்பதை வாங்குங்கள். கை ரொம்பச் சின்னதாக இருந்தால் 120 அங்குலம் சரிவரும். 'மெக்சிகன்' என்று போட்டிருந்தால் கொஞ்சம் இழுபடும் ரகம். புதியவர்களுக்கு அதுதான் நல்லது, கையோடு படிந்து நிற்கும். முழுப் பருத்தி உறுதியாக இருக்கும், ஆனால் சரியாகக் கட்டத் தெரியலைன்னா பாதியில் அவிழ்ந்துடும்.

கட்டும் முறை பல உண்டு. நான் சொல்லித் தருவது இது: கண்ணியைக் கட்டைவிரலில் மாட்டி, துணியைப் புறங்கை வழியாகக் கொண்டுபோய் மணிக்கட்டில் மூன்று சுற்று. அங்கிருந்து மேலே ஏறி முட்டிகளின் மேல் மூன்று சுற்று. பிறகு விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக விட்டு மணிக்கட்டுக்குத் திரும்பணும். கட்டைவிரலை ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை முட்டியிலும் மணிக்கட்டிலும் முடியுங்கள். கட்டி முடிக்கும்வரை விரல்களை நன்றாக விரித்தே வைத்திருங்கள். மூடிய கையில் கட்டினால் திறக்கும்போது இறுக்கிடும். விரல் நுனி மரத்துப்போனாலோ நகம் நிறம் மாறினாலோ அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டணும், சோம்பல்படக் கூடாது.

இனி கையுறை. இதன் அளவு அவுன்ஸ் கணக்கு. ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம், ஆக 12 அவுன்ஸ் என்றால் ஒரு கையில் 340 கிராம். எண் கூடக்கூடப் பொதுவாகப் பஞ்சும் கூடும். குத்துப்பை, பேட் பயிற்சிக்கு ஒல்லியானவர்கள் 10 அல்லது 12, எழுபது கிலோ பக்கம் இருப்பவர்கள் 14 எடுக்கலாம். எதிரே ஆளை நிறுத்திப் பழகுவதற்கு 16 அவுன்ஸ்தான் வழக்கம். அது உங்கள் கைக்காக அல்ல, எதிரில் நிற்பவரின் முகத்துக்காக. கயிறு வைத்தது அழகாக இருக்கும், ஆனால் முடிச்சுப் போட இன்னொரு ஆள் வேணும். வெல்க்ரோ எடுங்கள்.

கடைக்குப் போகும்போது கைக்கட்டையும் கொண்டுபோங்க. கட்டிக்கொண்டுதான் போட்டுப் பார்க்கணும். உள்ளே கை முழுசாக மூட வேண்டும், விரல் நுனி மேலே தொட வேண்டும், கை ஆடக் கூடாது. முட்டிப் பக்கத்தை உங்கள் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அடியில் எலும்பு தட்டுப்பட்டால் வைத்துவிட்டு வாங்க. என்னுடைய 35 வெள்ளிக் கையுறையில் தட்டுப்பட்டது, அர்த்தம்தான் எனக்குத் தெரியலை.

போன மாதம் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணே, இது மாட்டுத்தோலா?" நல்ல கேள்வி. அசல் தோல் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் மாட்டுத்தோல்தான், சிலர் எருமைத்தோலிலும் ஆட்டுத்தோலிலும் செய்கிறார்கள். வேண்டாம் என்று நினைப்பவர்கள் செயற்கைத் தோலில் தாராளமாக வாங்கலாம். தோல் அளவுக்கு வருடக்கணக்கில் உழைக்காது, மலிவானது சீக்கிரம் உரியும். மைக்ரோஃபைபர் ரகம் பரவாயில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு எந்தக் குறையும் இல்லை. வீட்டில் அம்மா மனம் கோணாமல் இருந்தால் அதுவும் ஒரு லாபம்.

நம் ஊர் வெக்கையில் கையுறைக்கு எதிரி வியர்வைதான். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் கார் பின்னாலும் போட்டு மூடி வைக்காதீங்க. வாயை நல்லாத் திறந்து, காற்றாடி முன்னால் வைங்க, உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்தால் ஈரத்தை இழுக்கும். நேர் வெயில் வேண்டாம், வெடிச்சுடும். கட்டை ஒவ்வொரு முறையும் துவைக்கணும். வெல்க்ரோவை மூடி வலைப்பையில் போட்டால்தான் அம்மாவின் புடவையோடு சிக்காது. கையுறையை இரவல் கொடுத்தால் தோல் படையும் சேர்ந்தே போகும். எங்கள் வகுப்பில் பொதுக் கையுறை மூன்று ஜோடி இருக்கு, அதைச் சொந்தக் கட்டு இல்லாமல் யாரும் தொடக் கூடாது. மறந்து வந்தவர்கள் அன்றைக்குக் கயிறு தாண்டட்டும்.